முக்கூடலில் இருந்து சென்னைக்கு: முதல் ஆறு மாதத்தை எப்படிக் கடந்தீர்கள்?

முக்கூடல்காரி

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். அரசுப் பள்ளி, தமிழ்வழி. கலந்தாய்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மின்னணுவியல். அடுத்த மாதம் கிளம்ப வேண்டும்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா பீடி சுற்றுகிறாள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அவளை மடியில் சுளகோடுதான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் இலை வெட்டிக் கொடுப்பேன், முனை மடக்குவேன். நான் போனபிறகு அந்த வேலையும் அவளுக்குத்தான். ஆனாலும் போக வேண்டாம் என்று ஒரு நாளும் அவள் வாயில் வரவில்லை. "நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறாள்.

நான் போனதிலேயே தூரமான ஊர் மதுரை. அதுவும் ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்கு. சென்னையைப் பார்த்ததே இல்லை. வகுப்பு முழுக்க இங்கிலீஷில் நடக்குமாம். நான் பேசுகிற தமிழைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறான். இதற்கெல்லாம்கூட மனதைத் தேற்றிக்கொள்கிறேன். எனக்குத் தூக்கம் வராத கேள்வி வேறு. அங்கே போய் ஒரு நாள் அழுதுகொண்டிருக்கும்போது அம்மா போன் பண்ணினால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் இங்கே அவள் தனியாக உட்கார்ந்து அழுவாள். சொல்லாவிட்டால் நான் அவளிடம் பொய் சொல்கிறவள் ஆகிவிடுவேன்.

போய் வந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

பேட்டைக்காரன்

அம்மாடி, முதலில் வாழ்த்துகள். நான் 1994இல் பிளஸ் டூ முடித்த கையோடு சென்னைக்கு வந்தவன். என்னுடையது படிக்க வந்த கதை இல்லை, கடைக்கு வந்த கதை. ஆனாலும் நீ கடைசியில் கேட்டிருக்கிற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

அன்றைக்கு ஊரில் இருந்து திருவள்ளுவர் பஸ் ஏறினால் பாரிமுனையில் இறக்கிவிடுவான். அங்கே இருந்து பெரம்பூரில் சொந்தக்கார அண்ணாச்சியின் மளிகைக் கடை. சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிற அண்ணாச்சி கடைகள் பெரும்பாலும் நம் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் வைத்தவைதான். ஊரில் இருந்து ஒரு பையனைக் கூட்டி வருவார்கள். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. சம்பளத்தை அண்ணாச்சியே பிடித்து வைத்திருந்து, சில வருடம் கழித்துத் தனிக்கடை போட்டுக் கொடுப்பார். என்னை அண்ணாச்சி நன்றாகத்தான் வைத்திருந்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியுமுன்னே எழுந்து கொத்தவால்சாவடிக்குச் சரக்கெடுக்கப் போக வேண்டும், கோயம்பேடு சந்தை அப்போது திறக்கவில்லை. ராத்திரி ஷட்டரை இறக்கியபிறகு அரிசி மூட்டை மேல் சாக்கை மடித்துப் போட்டுப் படுக்க வேண்டும். பதினேழு வயசு. முதல் மூன்று மாதம் மூட்டையில் முகத்தை வைத்துத்தான் அழுதேன், சத்தம் கேட்கக் கூடாதே என்று.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இன்லேண்ட் லெட்டர் போடுவேன். "நான் இங்கு நலம். தனி ரூம் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் இருக்கிறது." இப்படி. அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். சித்திரை மாதம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டார். ரூமில் விரிக்கட்டும் என்று பத்தமடையில் ஒரு பாய் வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், நான் மூட்டை மேல் அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறேன். கண் விழித்துப் பார்த்தால் அப்பா நிற்கிறார், கையில் பாய்.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை. கடைக்குள் அந்தப் பாயை விரிக்க இடம் இல்லை. மூட்டை மேலேயே விரித்துக் கையால் தடவிச் சரி பண்ணினார். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு உயிரோடு இருந்தவரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த ராத்திரி பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு இப்போது சொந்தக் கடை, இரண்டு பிள்ளைகள். அந்தப் பாய் நைந்துபோனது, இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன். அழுதால் அழுதேன் என்று சொல்லிவிடு. எதற்காக அழுதாய், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்பதையும் சேர்த்துச் சொல். வெறும் அழுகையை மட்டும் கேட்டால்தான் அம்மாவுக்குத் தாங்காது.

அம்பைக்காரி

முக்கூடல்காரி, நானும் 7.5தான், இப்போது மூன்றாம் ஆண்டு. பேட்டை அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் காசு, காகிதம், இங்கிலீஷ் மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இந்த ஒதுக்கீட்டில் வருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசு ஏற்கிறது. 2021இல் இருந்து இப்படித்தான். இது தெரியாமல் போகாதே. நான் சேர்ந்த அன்றைக்கு விடுதிக்கு முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். அப்பா அம்மாவின் வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு சீனியர் அக்காதான், "ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி அலுவலகத்தில் கேளுங்க" என்றாள். கேட்டோம். கட்ட வேண்டியிருக்கவில்லை. வளையல் இன்னும் அம்மா கையில் இருக்கிறது.

ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும், அதற்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார், முதல் வாரமே போய் நில். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு உன் பெயரிலேயே இருக்க வேண்டும், அதை முக்கூடலிலேயே முடித்துவிட்டு வா. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் இருந்து தமிழ்ப்புதல்வன் என்று இதே தொகை உண்டு.

உன் அம்மாவுக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கும் இல்லையா? அதை வைத்துப் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்கு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தொழிற்கல்விக்கு வருடம் 25,000 ரூபாய் வரை. மற்ற உதவிகளோடு சேர்த்து வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பி. என் வகுப்பில் மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி கடைசித் தேதி முடிந்தபிறகுதான் இப்படி ஒன்று இருப்பதையே தெரிந்துகொண்டாள்.

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாவற்றிலும் பத்துப் பத்து நகல் எடுத்துக்கொள். அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லியிருக்கிறது. கையில் வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதே.

இங்கிலீஷ் விஷயத்தில் உனக்கு வரப்போவதை அப்படியே சொல்கிறேன். முதல் உள்தேர்வில் நான் இரண்டு பாடத்தில் தேறவில்லை. கணக்கு எனக்குத் தெரியும், கேள்விதான் புரியவில்லை. வகையிடல் என்று எனக்குத் தெரிந்ததைத்தான் டிஃபரன்ஷியேஷன் என்கிறார்கள், அணியைத்தான் மேட்ரிக்ஸ் என்கிறார்கள் என்று எனக்குத் தெளியவே ஒரு மாதம் ஆயிற்று. நீ கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் புத்தகங்கள் இரண்டு மொழியிலும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வை. பாடம் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒரு பாடம், சொல்லுக்குச் சொல் ஒரு நோட்டில் எழுது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த முதல் பருவத்தில் நான் அவ்வளவு ஒடுங்கிப் போயிருக்க மாட்டேன்.

நம் பேச்சைப் பற்றி: முதல் நாள் விடுதியில் "வெஞ்சனம் என்ன?" என்று, அதாவது தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டேன், யாருக்கும் புரியவில்லை. சீனி என்றேன், சர்க்கரையா என்றார்கள். என் அறைத்தோழி தர்மபுரி. அவள் சொல்கிற பாதி எனக்குப் புரியாது. அதற்காக அவள் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை.

சமாதானபுரம்

எல்லாரும் எப்படிப் போவது என்று எழுதுகிறீர்கள். போகத்தான் வேண்டுமா என்று ஒருவராவது கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் இல்லாத கல்லூரியா? தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று சும்மாவா பெயர் வந்தது? பொறியியல்தான் வேண்டும் என்றாலும் திருநெல்வேலியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. முக்கூடலில் இருந்து பஸ்ஸில் போய்வந்து படித்திருக்கலாம், அம்மாவுக்கும் துணையாக இருந்திருக்கும். நான் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதத்தில் திரும்பி வந்தவன். யாரும் என்னை எதுவும் செய்யவில்லை. படிப்பும் வந்தது. ஆனால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை. வீட்டில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று நான்கு மாதமும் சொன்னேன். ஒரு நாள் காலையில் பெட்டியோடு வாசலில் போய் நின்றேன். அம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. என்ன செய்துவிட்டு வந்திருக்கிறானோ என்கிற பயம். அடுத்த வருடம் பாளையிலேயே சேர்ந்து படித்து இன்றைக்கு ஆசிரியராக இருக்கிறேன். திரும்பி வந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. சொல்லாமல் வந்ததில் இருக்கிறது.

அவசரமாக வெளியேற வேண்டி வந்தால், கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மானியக் குழுவின் கட்டணத் திருப்ப விதி இருக்கிறது. சேர்க்கைக் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே சொன்னால் கிட்டத்தட்ட முழுத் தொகையும், தேதி முடிந்து பதினைந்து நாளுக்குள் என்றால் 80 சதவீதமும், முப்பது நாளுக்குள் என்றால் 50 சதவீதமும் திரும்பும். அதற்குமேல் போனால் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் அந்த வருடப் பணம் முழுக்கப் போயிற்று.

அம்பைக்காரி

சமாதானபுரம் சார், நீங்கள் எழுதியது உண்மை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அவள் கலந்தாய்வில் இடம் எடுத்து முடித்துவிட்டாள். போவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது "போகத்தான் வேண்டுமா" என்று கேட்டால் அவள் ராத்திரி தூங்குவாளா? அப்புறம் ஒன்று. பக்கத்தில் படித்தால் பெண் பிள்ளை வீட்டு வேலையையும் பீடியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். எங்கள் தெருவில் அப்படிப் பாதியில் நிறுத்திய இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவளுக்குப் படிக்க ஒரு மேசையும் விளக்கும் அங்கேதான் கிடைக்கும் என்றால் போகட்டுமே.

சமாதானபுரம்

பெண் பிள்ளைகள் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. நீ சொல்வது சரி. திரும்பி வரும் வாசல் திறந்தே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போகட்டும், அவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது.

கேடிசி நகர்

சின்ன விஷயம்தான். கல்லூரி புறநகர் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரைக்கும் போகாதே, தாம்பரத்திலேயே இறங்கிவிடு. பஸ்ஸில் போனால் இப்போது கோயம்பேடு கிடையாது, தென்மாவட்ட பஸ் எல்லாம் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். ஊருக்குள் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் காசு கிடையாது.

சிந்துபூந்துறை

நான் படிப்பு முடித்து வேலைக்காகச் சென்னையில் இருப்பவன். அறை எடுத்துத் தங்கப்போகும் தம்பிமார் இதைப் படித்தால், அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். வேறாக ஒப்பந்தம் போடாதவரைக்கும் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றுதான் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. பேசிப் பாருங்கள், குறையும்.

நான் எழுத வந்தது இது இல்லை. போனில் பொய் சொல்வது பற்றி.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அப்போது வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தோம், நான்கு பேர். முந்தின நாள் ராத்திரி அம்மா கேட்டபோது "லேசா தூத்தல்தாம்மா" என்றேன். காலையில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. இரண்டு நாள் மாடி வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஊரில் அம்மா டிவியில் வேளச்சேரியைப் பார்த்திருக்கிறாள், தெருவில் படகு போகிறது. போன் போட்டால் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லேசா தூத்தல்னுதானல சொன்ன?"

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நம் ஊரில் விடாத மழை. சாயங்காலம் போன் போட்டேன். "இங்க ஒண்ணும் இல்லடா, லேசா தூத்தல்தான்" என்றாள் அம்மா. மறுநாள் தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள், ஜங்ஷனுக்குள், கைலாசபுரத்துக்குள். எங்கள் வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். ரயிலும் இல்லை, ரோடும் இல்லை. நான் சென்னையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் ஆச்சியும் எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருந்தது எனக்கு மறுநாள் ராத்திரிதான் தெரிந்தது.

வடிந்தபிறகு ஊருக்குப் போய்ச் சேறு அள்ளிப் போட்டோம். அன்றைக்கு நானும் அம்மாவும் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு முடிவு பண்ணினோம். இனிமேல் தூத்தல் என்றால் தூத்தல், வெள்ளம் என்றால் வெள்ளம். இப்போது அவளுக்குச் சர்க்கரை கூடினாலும் எனக்குத் தெரியும், எனக்கு மேலதிகாரியிடம் ஏச்சு விழுந்தாலும் அவளுக்குத் தெரியும்.

கல்லிடைக்குறிச்சி அம்மா

போனின் இந்தப் பக்கம் இருக்கிறவள் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். என் மகன் சென்னைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

பிள்ளைகளா, எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். "சாப்ட்டியா" என்று கேட்டால் "ம்" என்று வருவதற்கும் "சாப்ட்டேம்மா" என்று வருவதற்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியும். நீங்கள் நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்தபிறகு நாங்கள் என்னவெல்லாமோ நினைத்துக்கொள்வோம். நீங்கள் சொல்லப்போகும் உண்மை அதில் பாதிகூட இருக்காது. முதல் வருடம் இவன் ஒரு நாள் குரல் சரியில்லாமல் பேசினான். நான் மூன்று நாள் வயிற்றில் நெருப்போடு இருந்தேன். கடைசியில் பார்த்தால் அறைக்காரப் பையனோடு சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

மகளே, உன் அம்மா சுளகை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார ஏற்பாடு பண்ணிவிட்டுப் போ. நாலு பேரோடு உட்கார்ந்து சுற்றினால் வேலையும் ஓடும், பேச்சுத்துணையும் இருக்கும். நீ அழுதாய் என்று கேட்ட ராத்திரி அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அவளுக்கு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் பிடிக்குமா? கிளம்பும் அன்றைக்கு நீ ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போ. மகன் எனக்குச் செய்யவில்லை, அதனால் சொல்கிறேன்.

முக்கூடல்காரி

எல்லாருக்கும் வணக்கம். இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். விடுதியில் போனுக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது.

அம்மாவை எதிர்வீட்டு ஆச்சி திண்ணைக்கு மாற்றிவிட்டுத்தான் வந்தேன். முதலில் மாட்டேன் என்றாள். இப்போது ஐந்து பேர் உட்காருகிறார்களாம். உளுந்தம்பருப்புச் சோறு ஆக்கிக் கொடுத்தேன், உப்புக் கூடிவிட்டது, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

விடுதிக்குப் பணம் கேட்டார்கள். அம்பை அக்கா சொன்னபடி ஆணையைக் காட்டினேன். அலுவலகத்தில் இரண்டு நாள் அலைய வைத்தார்கள், ஆனால் கட்டவில்லை. அசல் சான்றிதழ்கள் கையில் இருக்கின்றன. புதுமைப்பெண் பதிந்துவிட்டேன், இன்னும் பணம் வரவில்லை. பீடி உதவித்தொகைக்கு அம்மாவின் அட்டையை ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டும், அது பாக்கி.

இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்த நோட்டு நூறு பக்கம் தாண்டிவிட்டது. திருவண்ணாமலைப் பெண் ஒருத்தியும் தமிழ்வழிதான், அவள் அதை நகல் எடுத்துக்கொண்டாள். முதல் பருவத்தில் தமிழர் மரபு என்று ஒரு பாடம் இருக்கிறது. அந்த வகுப்பில் மட்டும் சுற்றி இருக்கிறவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். மற்ற வகுப்புகளில் நான் கேட்கிறேன்.

இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. ஆய்வகத்தில் எனக்கு ஒரு கருவியின் பெயர் தெரியவில்லை. சார் எல்லார் முன்னாலும் கேட்டார், நான் நின்றுகொண்டே இருந்தேன். ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் அம்மா போன் வந்தது. எடுத்தேன். "அழுதியா?" என்றாள். ஆமா என்றேன். எதற்கு என்று சொன்னேன், நாளைக்குக் காலையில் ஆய்வக அக்காவிடம் போய் எல்லாக் கருவியின் பெயரையும் எழுதி வாங்கப்போகிறேன் என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இன்னைக்கு இருநூறு பீடியைக் கழிச்சிட்டாவட்டி" என்றாள். கடையில் தரம் சரியில்லை என்று கழித்துவிடுவார்கள், கூலி கிடையாது. இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை நடந்திருக்கும். என்னிடம் அவள் அதைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் பெயர்களை எழுதி வாங்கினேன். அம்மாவுக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆசிலோஸ்கோப் என்று சொல்ல ஆச்சி திண்ணையில் எல்லாரும் பழகிக்கொண்டிருக்கிறார்களாம்.

ஓர் உதவி. தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டும். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, திறந்த அன்றைக்கே காத்திருப்போர் பட்டியல் வந்துவிட்டது. தாம்பரம் பக்கம் இருந்து திருநெல்வேலிக்குப் பெண் பிள்ளைகள் சேர்ந்து அரசு பஸ்ஸில் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு பேர் இருக்கிறோம்.

அம்பைக்காரி

நாங்கள் மூன்று பேர் கிளாம்பாக்கத்தில் இருந்து போகிறோம். உனக்கும் சேர்த்து இன்றைக்கே பதிகிறேன். தனிச்செய்தியில் பெயரும் வயதும் அனுப்பு, இரண்டு பேருக்கும்.